பரணில் தூங்கும் இரட்டைக் குழல்! எடுத்தால் வேட்டையா, ஜெயிலா?

புதுச்சேரி–

பழைய வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாத்திரம் பண்டம் பங்கு போட்டாகிவிட்டது. நகையும் முடிந்தது. கடைசியில் பரணில் இருந்து நீளமான ஒரு தோல் பை இறங்குகிறது. தூசி தட்டித் திறந்தால், உள்ளே தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி!

"மாமா, கொஞ்சம் எண்ணெய் போட்டுச் சரி பண்ணினா ஊசுட்டேரிப் பக்கம் போய் நாலு வாத்து அடிச்சிட்டு வரலாமே" என்கிறான் மருமகன்.

"நீ வாத்தை அடிக்கப் போவே, உன்னைக் கொண்டுபோய் உள்ளே அடைப்பாங்க. பேசாம மூடி வைடா" என்கிறார் மாமா.

மாமா சொன்னதில் பாதி சரி. மூடி வைத்தாலும் உள்ளேதான் என்பது மாமாவுக்குத் தெரியாது!

சொல்தா கொண்டுவந்தது

மற்ற ஊர்களில் பழைய துப்பாக்கி என்றால் ஜமீன் பங்களா, எஸ்டேட் பங்களா. புதுச்சேரியில் சங்கதி வேறு. 1954 நவம்பர் 1 வரை இங்கே பிரெஞ்சு நிர்வாகம். சட்டப்படி முழுதாகக் கைமாறியது 1962 ஆகஸ்டு 16–ல்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சொல்தாக்கள், கச்சேரி உத்தியோகஸ்தர்கள், மிராசுதாரர்கள் என்று வசதியுள்ளவர்கள் சிலர் அந்தக் காலத்தில் துப்பாக்கி வைத்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பினால் பறவை சுடப் போவது அப்போது கௌரவமான பொழுதுபோக்கு. கேட்பாரும் இல்லை.

பிரான்சில் சேந்த் எத்தியென் என்று ஒரு ஊர். நம் சிவகாசிக்குப் பட்டாசு எப்படியோ, அந்த ஊருக்குத் துப்பாக்கி அப்படி. அங்கே 1885–ல் தொடங்கிய மனுபிரான்ஸ் கம்பெனி துப்பாக்கியும் சைக்கிளும் தையல் மிஷினும் ஒரே கேட்லாக்கில் போட்டுத் தபாலில் விற்றது. அந்தக் கம்பெனியே 1985–ல் மூடப்பட்டுவிட்டது. அது செய்த துப்பாக்கிகள் மட்டும் உலகம் பூராவும் பரணில் கிடக்கின்றன.

உள்ளே போகும், ஆனால் வெடிக்கும்!

"பழைய காலத்து இரும்பு சார், இப்ப வருமா இந்த மாதிரி?" என்று பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

துப்பாக்கியின் குழலுக்கு 'போர்' என்று ஒரு கணக்கு உண்டு. குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அது 12 போர். 16 சேர்ந்தால் 16 போர். நம்பர் ஏற ஏறக் குழல் சிறுக்கும். இந்தியாவில் சர்க்கார் தொழிற்சாலைத் தோட்டா பெரும்பாலும் 12 போருக்குத்தான். பிரெஞ்சுக்காரர்களுக்கோ 16 போர் மேல் தனி மோகம். ஆகவே தாத்தா துப்பாக்கிக்குத் தோட்டா தேடுவதே முதல் தலைவலி.

12 போராகவே இருந்தாலும் வம்பு தீராது. தோட்டா உட்காரும் அறை பழைய பிரெஞ்சுத் துப்பாக்கிகளில் 65 மில்லிமீட்டர் நீளம். இன்றைய தோட்டா 70 மில்லிமீட்டர். 'நீளம் கூடினால் உள்ளே போகாதே' என்று தோன்றும். போகும்! அந்த 70 என்பது வெடித்த பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். வெடிக்காத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது குட்டையாக இருக்கும். சமர்த்தாக உள்ளே போய் உட்காரும். துப்பாக்கியும் 'டக்' என்று மூடிக்கொள்ளும். குதிரையை இழுத்ததும் மடிந்த வாய் விரிய இடம் இல்லாமல் குழலை அடைக்கிறது. அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது. குழலுக்குப் பக்கத்தில் இருப்பது யார்? சுடுகிறவரின் கையும் முகமும்தான்.

இன்னும் பழைய துப்பாக்கி என்றால் குழலில் பாம்புத் தோல் மாதிரி வரி வரியாக அழகு தெரியும். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். இரும்புப் பட்டையையும் உருக்குப் பட்டையையும் முறுக்கிச் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டியது. கருமருந்துக் காலத்துச் சரக்கு. புகையில்லா மருந்தின் வேகம் அதற்கு ஆகாது. ஒட்டுகளுக்கு நடுவே துரு உட்கார்ந்திருந்தால் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

சரி, லேத்துப் பட்டறையில் கொடுத்து அறையைக் கடைந்து நீளமாக்கினால்? குழலைக் கொஞ்சம் வெட்டினால்? இப்படி யோசிக்கிறவர்கள் உண்டு. கடையும்போது குழலின் கனம் குறைகிறது. ஏற்கெனவே பழசு, இன்னும் இளைக்கிறது. வெட்டினால் சட்டம் வருகிறது.

வெட்டினால் ஏழு வருஷம்

1959–ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6–வது பிரிவுப்படி, தனி அனுமதி இல்லாமல் துப்பாக்கிக் குழலைக் குட்டையாக்கக் கூடாது. பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கி ஆக்கக் கூடாது. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒரு ரகத்தை இன்னொரு ரகமாக மாற்றுவதும் இதில் சேர்ந்துவிட்டது. தண்டனை குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள்! முன்பு 3 முதல் 7 வருஷமாக இருந்ததை இப்படி ஏற்றிவிட்டார்கள்.

லேத்துக்காரரும் தப்ப முடியாது. துப்பாக்கி ரிப்பேர் செய்யவே தனி லைசென்சு வேண்டும். 'தெரிஞ்ச பையன், ரெண்டு நூறு வாங்கிட்டுச் செஞ்சு கொடுத்தான்' என்ற கதையில் அந்தப் பையனுக்கும் அதே 7 வருஷம் காத்திருக்கிறது.

மாமா சொன்ன மாதிரி பேசாமல் மூடி வைத்தால்? லைசென்சு இல்லாமல் வைத்திருந்த குற்றம். இதற்கு 2 முதல் 5 வருஷம். சுட வேண்டியதில்லை, வைத்திருந்தாலே போதும்.

'அது துருப்பிடித்த சாமான், சுடவே சுடாது' என்ற சமாதானமும் சுலபத்தில் எடுபடாது. பழைய மாடல் அல்லது கெட்டுப்போன ஆயுதத்துக்கு 45–வது பிரிவில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால், சட்டத்தின் கண்ணுக்கு அது துப்பாக்கிதான்.

வாரிசுக்கு வழி உண்டா?

உண்டு. இதுதான் பல பேருக்குத் தெரியாத விஷயம்.

லைசென்சுதாரர் காலமானால் துப்பாக்கியைத் தாமதம் இல்லாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்சு பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைத்ததால் அது சர்க்கார் சொத்தாகிவிடாது. வாரிசு தன் பேரில் லைசென்சு வாங்கிக்கொண்டு திரும்பப் பெறலாம். அல்லது விற்றுவிடலாம். கெடுவுக்குள் எதுவும் செய்யாமல் விட்டால்தான் பறிபோகும்.

2016–ம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்கென்றே தனி விதி இருக்கிறது. தாத்தா உயிரோடு இருக்கும்போதே கூட மாற்றலாம்: அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்திருக்க வேண்டும். வாங்குகிறவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரைச் சொத்து என்றாலும் அதே கணக்குதான். லைசென்சு முன்பு 3 வருஷம், இப்போது 5 வருஷம்.

புதுச்சேரியில் இதற்கு இரண்டு கூடுதல் சிக்கல். முதலாவது, வாரிசுகளில் ஒருவர் லாசுப்பேட்டையில் இருப்பார், இன்னொருவர் பாரீசில் இருப்பார். கையெழுத்து வாங்குவதற்குள் வருஷம் ஓடிவிடும். பாரீசு வாரிசு 'நானே எடுத்துப் போகிறேன்' என்றால் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாது. ஏற்றுமதிக்கும் லைசென்சு வேண்டும்.

இரண்டாவது, ஊசுட்டேரி! புதுச்சேரி அரசு 2008–ல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சரணாலயத்தில் இருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் துப்பாக்கி லைசென்சுதாரர்கள் வனத்துறையில் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34–வது பிரிவு. அந்தச் சுற்றளவில் புதிதாக லைசென்சு கொடுப்பதென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் சம்மதம் வேண்டும். வில்லியனூர் மட்டும் அல்ல, நகரத்தின் பெரும்பகுதியே அந்த 10 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். கலெக்டர் ஆபீசுக்கு மட்டும் நடந்தால் போதும் என்று நினைத்தவர், வனத்துறைக்கும் நடக்க வேண்டியதுதான்.

லைசென்சு இருந்தால் சுடலாமா?

கிடையாது. லைசென்சு துப்பாக்கி வைத்திருக்கத்தான், வேட்டைக்கு அல்ல.

1972–ல் அந்தச் சட்டம் வந்தபோது பெரிய வேட்டை, சின்ன வேட்டை என்று தனித்தனி அனுமதிச் சீட்டு இருந்தது. 1991 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இன்று வாத்து, கொக்கு, உள்ளான், கௌதாரி, காட்டு முயல் எதுவும் சுடக் கூடாது. மீறினால் 3 வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். முதல் பட்டியலில் உள்ள உயிரினம் என்றால் 3 முதல் 7 வருஷம். பிடிபட்ட துப்பாக்கியும் போன வண்டியும் சர்க்காருக்குச் சொந்தம்.

'கேரளாவில் பன்றி சுடுகிறார்களே' என்று டீக்கடையில் ஒருவர் கேட்பார். சுடுகிறார்கள். பயிரை நாசம் செய்யும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022–ல் அங்கே உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். சுடுகிறவர் லைசென்சு உள்ளவர். ஆனால் செத்த பன்றியைப் புதைக்க வேண்டும், கறி வீட்டுக்கு வராது. தமிழ்நாட்டில் 2025–ல் வந்த உத்தரவிலோ சுடுவது வனத்துறை ஆட்கள் மட்டும்.

'குடகில் லைசென்சே வேண்டாமே' என்று அடுத்தவர் கேட்பார். அதுவும் சரி. கொடவர்களுக்குப் பிரிட்டிஷ் காலத்தில் இருந்தே விலக்கு. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. கர்நாடக ஐகோர்ட்டும் 2021–ல் செல்லும் என்றது. துப்பாக்கிக்குப் பூப்போட்டுப் பூஜை செய்வார்கள், தேங்காயைக் குறி வைத்துச் சுடுவார்கள். வேட்டைத் தடை மட்டும் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பிரான்சு செய்தது

இந்தத் துப்பாக்கிகள் வந்த நாட்டிலேயே இதே தலைவலி இருந்தது. அங்கே வேட்டைக்குத் தடை இல்லை; பரீட்சை எழுதி அனுமதி வாங்கலாம். ஆனாலும் தாத்தா விட்டுப்போன, கணக்கில் வராத துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் வீடுகளில் கிடந்தன. 2022 நவம்பர் 25 முதல் டிசம்பர் 2 வரை ஒரு வாரம், 'கொண்டுவந்து கொடுங்கள், அல்லது பதிவு செய்யுங்கள், கேஸ் கிடையாது' என்று அரசாங்கம் கூப்பிட்டது. சுமார் ஒன்றரை லட்சம் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன!

இங்கே கிருஷ்ணகிரி, தர்மபுரி மலைக்கிராமங்களில் வனத்துறை கேட்டுக்கொண்டதன் பேரில் ஊர்மக்களே நாட்டுத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து ஒப்படைத்தது உண்டு. புதுச்சேரியில் அப்படி ஒரு வாரம் வைத்தால் பரண்கள் காலியாகும். லைசென்சு உள்ள துப்பாக்கிகளைத் தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் வாங்கி வைப்பதில் போலீசார் கறாராகத்தான் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் வராதது பரணில் இருப்பதுதான். அதை வைத்திருக்கிறவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்ல. ஸ்டேஷன் படி ஏறினால் என்ன கேட்பார்களோ என்று பயந்துபோன ரிட்டயர்டு குமாஸ்தாக்களும் விதவைப் பாட்டிகளும்தான். கேஸ் போடமாட்டோம் என்ற ஒரு வார்த்தை மேலிடத்தில் இருந்து வராதவரை அவர்கள் வரமாட்டார்கள்.

அதுவரை, பையைத் திறந்து பார்த்துவிட்ட வீட்டுக்காரர் செய்யக்கூடியது இவ்வளவுதான். குதிரையைத் தொட வேண்டாம். அறுபது வருஷத்துத் தோட்டா உள்ளேயே இருக்கலாம். தாத்தாவின் பழைய லைசென்சுப் புத்தகம் கிடைக்கிறதா என்று தேட வேண்டும். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போகாமல், ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு, முதலில் ஸ்டேஷனுக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்லும்படி ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கி நம்பரோடு ரசீது எழுதி வாங்கிய பிறகே வீடு திரும்ப வேண்டும்.