மூளையில் ஒரு முளை!

வெட்டிய வாழை துளிர்க்கிறது. முறிந்த எலும்பு கூடுகிறது. புண்பட்ட தோல் புதிதாய் வளர்கிறது. மூளை மட்டும்? செத்த நரம்பணு செத்ததுதான், வளர்ந்த மனிதனுக்குப் புதிது பிறக்காது என்றனர். சொன்னவர் சாமானியரல்லர், 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் மேதை ரமோன் இ காஹால்!

மேதை சொன்னார் என்பதற்காக உண்மை மண்டியிடுமா? 1962-இல் அமெரிக்காவின் ஜோசப் ஆல்ட்மன், வளர்ந்த எலியின் மூளையில் புது நரம்பணு பிறப்பதாக எழுதினார். ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை! முப்பதாண்டு கழித்து, 1992-இல், கனடாவில் ரெனால்ட்ஸ், வைஸ் இருவரும் சுண்டெலி மூளையிலிருந்து நரம்பணுவை ஈனும் தாயணுவையே பிரித்துக் காட்டினர். ஸ்டெம் செல் என்கிறார்களே, அந்தக் குருத்தணு! 1998-இல் மனித மூளைக்கும் சான்று கிடைத்தது. தந்தவர் யார்? புற்றுநோயால் மாண்ட ஐந்து பேர்! நோயறிய அவர்கள் உடலில் ஏற்றப்பட்ட பொருள், புதிதாய்ப் பிறந்த அணுக்களில் அடையாளம் பதித்திருந்தது. முதுமை வரை அது தொடர்கிறதா என்ற வழக்கு 2018-இலும் ஓயவில்லை.

இந்தக் குருத்தணு, மூளைப்புற்றைத் தேடிச் செல்வதை 2000-இல் எலிகளிடம் கண்டனர். நோயைத் தேடிப் போகும் தூதனிடம் மருந்தைக் கொடுத்தனுப்பினால்? கலிபோர்னியாவின் சிட்டி ஆப் ஹோப் மருத்துவமனை 15 நோயாளிகளிடம் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டது. பாதுகாப்பாகச் செய்ய இயலும் என்றது. நோய் தீர்ந்தது என்று பறைசாற்றவில்லை. அதுவன்றோ அறிவியலின் நாணயம்!

நாணயத்தின் மறுபக்கமும் பாருங்கள். கிளையோபிளாஸ்டோமா எனும் கொடிய மூளைப்புற்று, பலரிடம் இக்குருத்தணு வாழும் இடத்திலிருந்தே கிளம்புவதாகத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினர். மாஸ்கோவில் ஒரு சிறுவனுக்குக் கருவின் நரம்புக் குருத்தணுக்களைச் செலுத்தினர். சில ஆண்டுகளில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள்! அவை அவனுடைய அணுக்களல்ல, பிறர் தந்தவை என்பது 2009-இல் வெளியாயிற்று.

வளரத் தெரிந்தது, வரம்பு மீறவும் தெரிந்தது. ஆகவேதான் சோதனை வேண்டும். ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆனால், ஒரே ஊசியில் வாதம் போகும், மூளை மலரும் என்று கடை விரிப்போர் காத்திருப்பார்களா? மகனுக்காகத் தாலியை அடகு வைக்கும் தாயல்லவா அவர்களுக்கு வாடிக்கை!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இலேயே தெளிவாகச் சொன்னது: இரத்தக் குருத்தணு மாற்றம் போன்ற ஏற்பு பெற்றவை நீங்கலாக, மற்றவையெல்லாம் ஆராய்ச்சியே, விற்பனைச் சரக்கல்ல. ஏட்டிலுள்ள விதி ஏழையின் வாசலுக்கு வரவேண்டாமா? ஆள்வோரை நாம் கேட்கிறோம்: ஆய்வுக்கூடத்துக்கு அள்ளிக் கொடுங்கள், ஆசை காட்டும் கடைக்குப் பூட்டுப் போடுங்கள்!

தோழர்களே! ஊசியோடு வருபவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். இது சோதனையானால், எங்களிடம் பணம் ஏன்? சிகிச்சையானால், சான்று எங்கே?