ரேஷனில் 'பிளாஸ்டிக்' அரிசியா? காலேஜ் பிள்ளைகளே, வீட்டில் சொல்லுங்க!

கும்பகோணம்: வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தால், "நெசமாடா?" என்று அம்மா கேட்பது காலேஜ் போகும் பிள்ளையிடம்தான். 2023-ல் ரேஷனில் செறிவூட்டிய அரிசி வந்தபோது கிளம்பிய 'பிளாஸ்டிக் அரிசி' புரளி நினைவிருக்கா?

நெல் விளையும் டெல்டாவையே குழப்பப் பார்த்த அந்த 'பிளாஸ்டிக்' வேறொன்றுமில்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, அரிசி வடிவில் செய்த மணிகள். 100 கிலோவுக்கு 1 கிலோ கலப்பு. நிறம் லேசாக மாறும். சில மணிகள் தண்ணீரில் மிதக்கும். அவ்வளவுதான்!

பொறுக்கி வீசினால், ரத்தசோகையைக் குறைக்கக் கொண்டுவந்த சத்துதான் குப்பைக்குப் போகும்.

அதற்காக அரசு சொன்னதை அப்படியே நம்பணுமா? அதுவும் வேண்டாம். தலசீமியா நோயாளிகள் டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை அப்போது இருந்தது. கேட்க வேண்டிய அந்தக் கேள்வி, புரளிக் கூச்சலில் அமுங்கிப் போச்சு.

யார் சொன்னது? எப்போ எடுத்தது? யார் சோதித்தது? பதில் இல்லையா, பார்வர்டு பண்ணாதீங்க!