புருஷனும் பெண்டாட்டியும் பாரிஸ் போனால் ஊருக்கு என்ன நஷ்டம்?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வந்தால் நல்லதுதான்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருத்தி. நமக்கு உறவும்கூட. கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவளும் மாப்பிள்ளையும் வேலை பார்த்து, கடன் வாங்காமல் சேர்த்த காசில், குழந்தையை ஆச்சியிடம் விட்டுவிட்டு ஏழு நாள் பாரிஸ் போய் வந்தார்கள். இருவரும் சேர்ந்து பார்த்த முதல் வெளிநாடு அது. சென் ஆற்றங்கரையில் கைகோத்து நிற்கிற நாலு படத்தைக் குடும்பக் குழுவில் போட்டாள். அதன் கீழே நம்மவர்கள் எழுதியதைப் படித்தேன். மறுநாள் காலையில் படங்களைக் காணோம். அவளே அழித்துவிட்டாள். அழிக்க வைத்தது நாம்.

எழுதியவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

“அந்தக் காசுக்கு ரெண்டு பவுன் எடுத்திருக்கலாமே.” எடுத்திருக்கலாம். எடுத்துப் பீரோவில் வைத்திருக்கலாம். காதுகுத்துக்கு மண்டபம் பிடித்து, பந்தியில் பாதிச் சோற்றை இலையோடு மூடி வைத்துவிட்டு வருகிறோமே, அன்றைக்கு இந்தக் கணக்கை யாரும் போட்டதில்லையே! ஊருக்குக் காட்டச் செலவழித்தால் கௌரவம், தங்களுக்காகச் செலவழித்தால் ஊதாரித்தனம். இது எந்த ஊர்க் கணக்கு?

“பெத்த பிள்ளைய விட்டுட்டு ஊர் சுத்துதாளே.” நம் அச்சன்புதூர், வடகரை, கடையநல்லூர் பக்கம் வளைகுடாவுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வந்தார்கள். பெற்ற பிள்ளைக்கு அப்பன் முகம் தெரியாது. அதைப் பொறுப்பு என்று சொன்னோம். வயிற்றுப்பாட்டுக்குப் போனவர்களைக் குறை சொல்லவில்லை. வருஷக்கணக்கில் பிரிந்து இருப்பதைப் பொறுத்துக்கொண்ட ஊருக்கு, ஏழு நாள் சேர்ந்து இருப்பது மட்டும் ஏன் உறுத்துகிறது?

“இந்தா இருக்கு குற்றாலம். அங்க போனா ஆகாதோ?” சரி, குற்றாலத்துக்கே வருகிறேன். சாரல் விழுந்ததும் எப்படிப் போகிறோம்? ஒரு வேனில் இருபது பேர். பெண்கள் விடியுமுன் எழுந்து புளியோதரை கட்ட வேண்டும். பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பாதுகாப்புக்கு அது சரியான ஏற்பாடுதான். ஆனால் குளித்துவிட்டு வந்த பிறகாவது நாம் மனைவியோடு நாலு எட்டு நடந்தோமா? நாம் கூட்டாளிகளோடு எண்ணெய் தேய்க்கப் போய்விட்டோம், அவர்கள் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தார்கள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும், தனியாகப் பத்து நிமிஷம் பேச விஷயம் இல்லாத தம்பதிகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். பேர் சொல்லவில்லை.

“வெறும் இரும்புக் கம்பம். அதுல பாக்க என்ன இருக்கு?” இதைச் சொன்னவரும் என்னிடம் படித்தவர்தான் என்பதில் எனக்கு வருத்தம். குஸ்தாவ் ஈஃபிலின் நிறுவனம் 1889 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது அந்தக் கோபுரம். பிரெஞ்சுப் புரட்சியின் நூறாவது ஆண்டு அது. கோபுரத்தை இணைக்கும் தறையாணிகள் மட்டும் சுமார் 25 லட்சம். இன்றைக்கு உயரம் 330 மீட்டர். வெப்பத்தால் இரும்பு விரிவடையும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, நினைவிருக்கிறதா? கோடையில் அந்தக் கோபுரம் சில சென்டிமீட்டர் உயருகிறது.

இன்னொன்றும் கேளுங்கள். வேலை தொடங்கிய 1887-லேயே பாரிஸின் பெரிய எழுத்தாளர்களும் கலைஞர்களும் “நகரத்துக்கே அசிங்கம்” என்கிற தோரணையில் பத்திரிகையில் கண்டனக் கடிதம் வெளியிட்டார்கள். கதை எழுதிய மாப்பசானும் கையெழுத்துப் போட்டார். இருபது வருஷத்தில் பிரித்துவிடலாம் என்றுதான் அனுமதியே. கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டதால் தப்பியது. முகம் சுளிக்கிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கோபுரம் நிற்கிறது.

“நம்ம பண்பாடு என்ன ஆகும்?” 1969-இல் ‘சிவந்த மண்’ வந்தது. சிவாஜியும் காஞ்சனாவும் ஐரோப்பாவில் ஜோடியாக நடந்ததைப் பார்த்து நம் அப்பாமார் விசில் அடித்தார்கள். 1998-இல் ‘ஜீன்ஸ்’ பாட்டில் ஈஃபிள் கோபுரம் வந்தபோது நீங்களும் கைதட்டினீர்கள். திரையில் பண்பாடு கெடவில்லை, நம் வீட்டுப் பிள்ளை போனால் கெட்டுவிடுமா? அதே பாரிஸில் லா சப்பல் என்று ஒரு பகுதி. ஈழத்திலிருந்து அகதிகளாகப் போன தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும். மாணிக்க விநாயகர் கோயில் தேர் ஆண்டுதோறும் அந்த வீதிகளில் ஓடுகிறது. எல்லாம் இழந்து போனவர்களே பண்பாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஏழு நாள் டிக்கெட்டில் போனவள் தொலைத்துவிடுவாளா?

இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்தவன் போட்ட படத்தைப் பார்த்துத் தவணைக் கடனில் போகாதீர்கள். விமானம் இறங்கியபின் மூன்று வருஷம் சண்டைதான் மிஞ்சும். அங்கே ஒரு பாலத்தில் காதலர்கள் பேர் எழுதிப் பூட்டு மாட்டி, சாவியை ஆற்றில் எறிந்தார்கள். 2014-இல் பாரம் தாங்காமல் பாலத்தின் கைப்பிடித் தடுப்பில் ஒரு பகுதி சரிந்தது. மறு வருஷம் சுமார் 45 டன் பூட்டைக் கழற்றினார்கள். பூட்டுப் போட்டுக் காக்கிற சாமான் இல்லை அன்பு. விசாவுக்குக் கட்டிய பணம், மறுத்தாலும் திரும்ப வராது. அதனால் ஏஜென்ட் சொல்லுக்கு மயங்காமல் தாள்களை நீங்களே சரிபாருங்கள். லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கூட்டத்தில் பர்ஸ் பத்திரம்.

அந்தப் பிள்ளைக்கு: தாயீ, நீ தப்பு ஒன்றும் செய்யவில்லை. படத்தைத் திரும்பப் போடு. முதல் ஆளாக நான் வாழ்த்து எழுதுகிறேன்.

என் வயது ஆண்களுக்கு: பாரிஸ் நமக்கு வாய்க்காமல் போகலாம். தென்காசி வரைக்கும் பஸ் ஓடுகிறது. காரியம் எதுவும் இல்லாமல், பேரப்பிள்ளையைக்கூட கூட்டிக்கொள்ளாமல், வீட்டம்மாவோடு ஒரு நாள் போய் வாருங்கள். என்ன பேசுவது என்று திகைப்பீர்கள். போகப் போகப் பேச்சு வரும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல்.