அம்மாவுக்கு எதற்குக் காப்பாளர்?

தொல்காப்பியத்துக்கு மக்கள் மட்டுமே உயர்திணை. ஆறும் காடும் மலையும் அஃறிணை. 2017 மார்ச்சில் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டப்படி ஆட்களாக அறிவித்தபோது, நதிக்குத் திணை மாறியதே என்று என் மாணவிகள் மகிழ்ந்தார்கள். அப்போது நான் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான்: திணை மாறியது சரி, பால் என்ன?

பெண்பால்தான். அதிலும் தாய். ஆனால் அந்தத் தாயைப் பார்த்துக்கொள்ள, பெற்றோர் நிலையில் நீதிமன்றம் நியமித்தது யாரை? நமாமி கங்கே திட்ட இயக்குநர், மாநிலத் தலைமைச் செயலாளர், அட்வகேட் ஜெனரல். கோயில் சிலையை என்றும் வயதுக்கு வராத மைனராகக் கருதும் பழைய சட்ட மரபின் நீட்சி இது. வாயில் அன்னை, தாளில் மைனர். வெள்ளத்தில் உயிர் போனால் நஷ்டஈடு யார் தருவது என்று மாநில அரசே உச்சநீதிமன்றத்துக்கு ஓடியது. ஜூலையில் தடை கிடைத்தது. நான்கு மாதத்தில் கதை முடிந்தது.

2022இல் மதுரைக் கிளை, மேகமலை வனநிலத்துக்குப் பட்டா கொடுத்த அதிகாரி தொடர்பான வழக்கில், ‘இயற்கை அன்னை’ உரிமைகளுள்ள உயிர் என்றது. காக்கும் பொறுப்பு மறுபடியும் அரசுகளிடமே. பட்டா கொடுத்த கை யாருடையது?

இந்தத் தாய்மையைப் பெண்கள் நாம் நம்பக் கூடாது. மாலை கிடைக்கும், பங்கு கிடைக்காது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று சட்டம் சொல்லத் தமிழ்நாட்டில் 1989 ஆனது, நாடு முழுவதற்கும் 2005. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் குழந்தைக்குத் தகப்பன்தான் இயற்கைக் காப்பாளர், அவனுக்குப் ‘பிறகு’ தாய். அந்தப் ‘பிறகு’ என்ற சொல்லுக்கு வேறு பொருள் கொடுக்க, கீதா ஹரிஹரன் 1999 வரை வழக்காட வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளைக்கே காப்பாளராக முடியாதவளின் பெயரைத்தான் நதிக்கு வைக்கிறார்கள்.

நதிக்கு உரிமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே 2017 மார்ச்சில் நியூசிலாந்து நாடாளுமன்றம் வாங்கனூயி ஆற்றுக்குச் சட்டம் இயற்றியது. அது நூற்றாண்டுக்கு மேலான மாவோரி போராட்டத்தின் விளைவு. ஆற்றின் சார்பில் பேச இருவர்: ஒருவரை அரசும் இன்னொருவரை ஆற்றங்கரை மக்களும் நியமிப்பார்கள். ஆற்றின் நலனுக்கு 3 கோடி டாலர் நிதியும் உண்டு. (நம் தீர்ப்புகளில் நான் தேடிக் கிடைக்காதது இந்த வரிதான்.) ஈக்வடாரின் 2008 அரசியலமைப்பும் பூமியை அம்மா என்றுதான் அழைக்கிறது. ஆனால் இயற்கைக்காக யார் வேண்டுமானாலும் உரிமை கோரலாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. 2021இல் லோஸ் செட்ரோஸ் காட்டில் சுரங்கத்தை நிறுத்தினார்கள்.

எனக்குப் பிடித்தது பெருவின் மராஞோன். எண்ணெய்க் குழாய்க் கசிவால் நாசமான அந்த ஆற்றுக்காக 2021இல் வழக்குத் தொடுத்தது குக்காமா பழங்குடிப் பெண்களின் கூட்டமைப்பு. 2024இல் வென்றார்கள். அரசோடு பழங்குடி அமைப்புகளும் அங்கே காப்பாளர்கள்.

நொய்யலுக்கு நாளை ஒரு சட்டம் வந்தால் ஆட்சியரின் பெயர் முதலில் இருக்கும். சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே நிலம் பாழான வீட்டுப் பெண்ணுக்கு அதில் நாற்காலி உண்டா, வழக்குப்போட உரிமை உண்டா, எவ்வளவு நிதி? இவற்றுக்குப் பதில் எழுதாத வரைவில் ‘தாய்’ என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள்.