தாய்ப்பலகையில் இல்லாத கோளாறு

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் வாழும் என் பழைய நண்பரின் மகன், 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தானே ஒரு கணினியைப் பூட்டியெடுத்தான். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்பவன். கொழும்பு பம்பலப்பிட்டியில் பாகங்களை ஒவ்வொன்றாக, பெரும்பாலும் பழையனவாக, வாங்கிச் சேர்ப்பதற்கு அவனுக்கு ஓராண்டு சென்றது. லயக் காம்பராவின் இஸ்தோப்பில் பாயை விரித்துப் போட்டுப் பூட்டினான். பகலில் ஓடியது. மாலை ஆறரைக்குப் பின் ஆளியை அழுத்தினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். மறுபடி சுற்றும், மறுபடி நிற்கும். திரையில் ஒன்றுமில்லை.

பையன் விபரமானவன். ரேம் அட்டையைக் கழற்றி அதன் தொடுமுனைகளை அழிறப்பரால் தேய்த்துப் பார்த்திருக்கிறான். மூடுபனியும் ஈரமும் நிறைந்த மலைநாட்டில் இது மூடநம்பிக்கையன்று, நல்ல வைத்தியம். மையச் செயலிக்குத் தனியே செல்லும் மின்செருகியைச் சரிபார்த்தான். காசைப்போல் வட்டமான 3 வோல்ற் மின்கலத்தை மாற்றினான். தேவையற்ற பாகங்கள் யாவற்றையும் அகற்றிவிட்டு, செயலி, ஒரேயொரு ரேம், மின்வழங்கி ஆகியவற்றோடு மட்டும் இயக்கிப் பார்த்தான். நூலிற் சொன்ன ஒழுங்கு இதுதான். பலனில்லை.

நகரத்துக் கடையொன்றிற்குச் சுமந்து சென்றான். அங்கே இரண்டு நாள் வைத்திருந்தார்கள். "போர்ட் போயிட்டுது" என்பது தீர்ப்பு. புதிய தாய்ப்பலகைக்கு ஏறக்குறைய 34,000 ரூபாய் கேட்டார்களாம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில், அவனுடைய தாயார் 25 நாள் கொழுந்தெடுத்தாற் கிடைக்கும் தொகை அது.

நான் போயிருந்த அன்று அவன் சொன்ன ஒரு வாக்கியமே எனக்குப் பொறிதட்டியது. "மாமா, டவுன்ல போட்டா ஓடுது. இங்க கொண்டாந்தா செத்துப் போயிடுது."

இடம் மாறினால் உயிர்க்கும் பொருளின் நோய் அந்தப் பொருளில் இல்லை. தொழிற்சாலையில் வேலை செய்யும் வயர்மேன் ஒருவரை அழைத்துவந்து அளந்தோம். காலை பத்து மணிக்கு 221 வோல்ற். இரவு ஏழு மணிக்கு, லயத்தின் எல்லா அடுப்பங்கரைகளிலும் விளக்கெரியும் வேளையில், 172. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216க்குக் கீழே இறங்கலாகாது. விளக்குகள் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. இக்காலத்து எல்.ஈ.டி. குமிழ்களிற் பல 150இலும் சளைக்காமல் எரிவன. பழைய மஞ்சட் குமிழாயிருந்தால் மங்கி உண்மையைச் சொல்லியிருக்கும்!

அவனுடைய மின்வழங்கி மலிவான ரகம். பின்புறத்தில் 115, 230 எனச் சிவப்பு ஆளி பொருத்தப்பட்டது. 230இல் வைத்திருந்தால் 180க்குக் கீழே அது திணறும். யாரோ ஒருவர் "அதை 115இல் தள்ளிப் போடு, ஓடும்" என்று அவனுக்கு யோசனை கூறியிருந்தார். மாலையில் ஓடியுமிருக்கும். மறுநாட் காலை மின்னழுத்தம் வழமைக்குத் திரும்பியதும் உள்ளே இரட்டிப்பு அழுத்தம் ஏறி, மின்தேக்கிகள் வெடித்திருக்கும். வாசகர்கள் எவரேனும் இந்த யோசனையைக் கேள்விப்பட்டிருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

இவ்வளவும் கணினிப் புராணம். நான் எழுத வந்தது வேறு.

வயர்மேன் கம்பியைத் தடவிக்கொண்டே சென்றார். அந்தக் காம்பராவுக்கு மின்சாரம் பக்கத்துக் காம்பராவிலிருந்து வருகிறது, அதற்கு அதற்கடுத்ததிலிருந்து. ஒரு குமிழுக்கென்று இழுத்த மெல்லிய கம்பியில் இன்று தொலைக்காட்சி, சோற்றுப்பானை, மின்னழுத்தி, கைத்தொலைபேசிகள், இப்போது கணினியும். நிலத்தொடுப்புக் கம்பி என்ற ஒன்றே இல்லை. கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டபோது விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது போலிருந்தது. மின்வழங்கியின் வடிகட்டி, நிலத்துக்கு அனுப்ப வேண்டிய சிறு மின்னோட்டத்தைப் போக வழியின்றிப் பெட்டியிலேயே நிறுத்திவைக்கிறது. "அது எப்பவும் அப்பிடித்தான் மாமா, செருப்புப் போட்டா தெரியாது" என்றான் பையன்.

அந்தத் தோட்டத்திலிருந்து பார்த்தால் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும். 1950இல் லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கிய காலந்தொட்டு இந்த மலைகளின் நீர்தான் கொழும்புக்கு ஒளியூட்டுகிறது. நீர் இறங்கும் சரிவிலே குடியிருப்பவர் வீட்டுக்கு அதே மின்சாரம் மூன்றாம் கையாக, 172 வோல்ற்றாக வந்துசேர்கிறது. புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கலாமே என்றேன் நண்பரிடம். "எந்த உறுதிய காட்டிக் கேட்கிறது? காம்பரா தோட்டத்துப் பேருல" என்றார். எனக்கு மறுமொழி இல்லை.

என் தொழில்மீதே எனக்கு வெட்கம் வந்தது அப்போதுதான். முப்பதாண்டுப் பத்திரிகை வாழ்வில், பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட காலத்திலிருந்து, எத்தனை லயத் தீ விபத்துச் செய்திகளைச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருப்பேன்! நூறாண்டு கடந்த மரக்கூரை, ஒரே முகட்டின்கீழ் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள்; ஓர் அறையிற் பற்றினால் யாவும் சாம்பல். கடைசி வரி எப்போதும் ஒன்றே: "மின்னொழுக்கே காரணமெனத் தெரியவருகிறது." அந்த வரியோடு விசாரணையும் முடிந்துவிடும். யார் இழுத்த கம்பி, எத்தனை வீட்டுக்கு, எந்த ஆண்டில், யார் சோதித்தார் என்று ஒரு நிருபரையேனும் நான் திருப்பிக் கேட்டதில்லை.

பையனுக்கு 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும் மின்வழங்கியொன்றை வாங்கிக் கொடுத்தோம். தாய்ப்பலகையின் விலையில் மூன்றிலொரு பங்குதான். கணினி இப்போது இரவிலும் ஓடுகிறது. ஆனால் வயர்மேன் புறப்படுமுன் என்னைத் தனியே அழைத்துச் சொன்னது உறுத்துகிறது. இந்த வகை மின்வழங்கி, அழுத்தம் குறைந்தால் ஈடுசெய்ய அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அதாவது பெட்டிக்குள் இருந்த கோளாற்றை எடுத்துச் சுவருக்குள் வைத்திருக்கிறோம்.

தடித்த கம்பி, நிலத்தொடுப்பு, மின்னொழுக்கு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆளி ஆகியவற்றைக் கோரி, லயத்தின் பன்னிரண்டு குடும்பங்களும் கையொப்பமிட்ட கடிதத்தைத் தோட்ட அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறார்கள். கடிதத்தைத் தட்டச்சிட்டவன் பையன்தான். கீழே காம்பரா இலக்கங்களுக்கு நேரே, இரவு ஏழு மணிக்கு ஒவ்வொன்றிலும் அளந்த வோல்ற் அளவையும் அட்டவணையாகப் போட்டிருக்கிறான். கடைசிக் காம்பராவில் 158.