வீட்டுக் காவலுக்கு நெருப்புத் தோட்டாவா?

உம்மா வாப்பாமாரே,

தரம் 10 பொடியன் ஒருவன் காட்டிய அமெரிக்க வீடியோ. வீட்டைக் காக்க எந்த சொட்கன் தோட்டா நல்லது என்று ஜெலிக் கட்டியிலும் சுவர்ப் பலகையிலும் சுட்டுப் பார்க்கிறார்கள். ஒன்று மக்னீசியம் நிரப்பியது, நெருப்புக் கக்கும். பெயர் 'டிராகன் மூச்சு'! சொந்த வீட்டுக்குத் தீ வைப்பதா பாதுகாப்பு?

'டபுள்-ஓ பக்‌ஷொட்'டில் எட்டு, ஒன்பது ஈயக் குண்டுகள். அங்குள்ள ஜிப்சம் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்கும் போகும். அங்கே தூங்குவது யார்? பிள்ளைதானே!

இங்கே துவக்கு லைசன்ஸ் பெரும்பாலும் வயல் காவலுக்கு. 2019இல் குசினிக் கத்திக்கே பதில் சொன்னவர்கள் நாம். அந்த வீடியோவை வட்ஸ்அப்பில் 'சுப்பர்' என்று பகிர்ந்தது பொடியன்கள் மட்டுமா? வாப்பாமாரும்தான். முதலில் நீங்கள் அழியுங்கள்.