ஓலை எழுதுவோர் யார்?

உரோமப் பேரரசன் அகசுட்டசுக்குப் பாண்டிய வேந்தன் தூது விடுத்தான் என இசுட்ராபோ எழுதிவைத்தார். அன்று தூது விட்ட இனத்தின் வாழ்வை இன்று பிறர் எழுதும் உடன்படிக்கைகள் முடிவு செய்கின்றன.

1964 அக்தோபர் 30இல் சாத்திரியும் சிறிமாவோவும் கையொப்பமிட்டனர். மதுரை, இராமநாதபுரம் முதலாய பகுதிகளினின்று சென்று தேயிலைமலை திருத்தியோர் வழியினருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனக் கூறிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் செம்பாதியாய்ப் பிரித்தனர். அம்மக்களைக் கேட்டாரிலர். அதே ஆண்டில் கச்சத்தீவும் கைநழுவிற்று.

எதிர்ப்பு முழக்கினோம், முழக்கியது முறையே. ஆயின், உடன்படிக்கையின் ஒவ்வொரு பிரிவையும் ஆய்ந்து விடைகூறும் அறிஞரை உருவாக்கினோமா? மதுரையில் 1966 முதல் பல்கலைக்கழகம் உள்ளது. பன்னாட்டு உறவியலில் முதுகலை பயில விழையும் உசிலம்பட்டி, மேலூர் இளைஞனோ தில்லியை நோக்குகின்றான். பயின்று மீண்டாலும், உதவிப் பேராசிரியர்க்கான அனைத்திந்தியத் தகுதித்தேர்வு அத்துறை வினாக்களை ஆங்கிலத்திலும் இந்தியிலுமே தருகின்றது.

பல்கலைக்கழகங்கள் இத்துறையைத் தமிழில் முதுகலை வரை கற்பிக்க வேண்டும். அதற்கான நூல்களைத் தமிழறிஞர் யாக்க வேண்டும். தேர்வுத்தாளில் தமிழ் ஏறவேண்டும். இளைஞரே! இத்துறையுள் புகுந்து கற்பீர். நம்மைப் பற்றிய ஓலையை நாமே படிக்கவும் எழுதவும் அறிந்தாலன்றி, நம் உரிமை நம் கைக்கு வாராது!